தொலைந்த அமானிதத்தின் விலையைச் சுமப்பவர் யார்? கடைகளின் தரவுக் களவும் அட்டை மோசடியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிறருடைய பொருள் களவு போனால், அந்த நட்டம் யாரைச் சாரும்? மத்ரஸாவில் ஃபிக்ஹு நூல்களை ஓதும் மாணவர் சந்திக்கும் பழமையான வினாக்களுள் இதுவும் ஒன்று. சாயமிடக் கொடுத்த துணியையும் மேய்க்கக் கொடுத்த ஆட்டையும் பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்த பணத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு முன்னோர் இதனை ஆராய்ந்தனர். இன்று நாம் துணிக்கடையிலோ மளிகைக் கடையிலோ அட்டையை நீட்டும்போது, அட்டையின் எண்ணும் அதனோடு சேர்ந்த இரகசியக் குறிப்புகளும் கடைக்காரரின் கணினி வழியாகச் செல்கின்றன. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதுவும் ஓர் அமானிதமே.

அந்த அமானிதம் களவு போகும்போது, “வங்கி பணத்தைத் திருப்பித் தந்துவிடும், நமக்கு என்ன கவலை?” என்று பலரும் கூறக் கேட்கிறோம். இதில் பாதி உண்மை உண்டு. வங்கிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, தன்னிடமிருந்த தகவலைக் காக்கத் தவறிய கடை எவ்வளவு கொடுக்கிறது, இறுதியில் யார் கையிலிருந்து பணம் போகிறது என்னும் மறுபாதியைக் கேட்பவர் குறைவு. இக்கட்டுரையில் அந்த மறுபாதியின் வரலாற்றைப் பார்ப்போம். இவ்வகைக் களவுகள் மிகப் பெரிய அளவில் நடந்ததும், வழக்குகள் வாயிலாக அவற்றின் கணக்கு வெளிச்சத்திற்கு வந்ததும் அமெரிக்காவில்தான். ஆகவே பெரும்பகுதி அந்நாட்டைப் பற்றியே இருக்கும். கடன் அட்டையின் வட்டி குறித்த மார்க்கச் சட்டம் தனித் தலைப்பு. அதனை இங்கு நாம் எடுக்கவில்லை.

ஒரு விற்பனை, ஐந்து தரப்பினர்

அட்டையால் நடைபெறும் ஒரு விற்பனையில் ஐந்து தரப்பினர் உள்ளனர். பொருள் வாங்குபவர், கடைக்காரர், கடைக்காரருக்காகப் பணம் பெற்றுத் தரும் வங்கி, வாங்குபவருக்கு அட்டை வழங்கிய வங்கி, இவ்விரு வங்கிகளையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனம் ஆகியோரே அவர்கள். திருடன் ஆறாவது ஆள். அவன் பெரும்பாலும் வேறொரு நாட்டில் இருக்கிறான். பிடிபட்டாலும் பணம் முழுமையாக மீள்வது அரிது. எனவே நட்டம் எஞ்சிய ஐவருக்குள் எங்கேனும் தங்கியாக வேண்டும்.

நட்டமும் ஒரே வகையானதன்று. திருடப்பட்ட தொகை ஒன்று. பழைய அட்டைகளை முடக்கிப் புதியவை அச்சிட்டு அனுப்பும் செலவு மற்றொன்று. விசாரணைச் செலவு, வழக்குச் செலவு ஆகியவை வேறு. பணம் திரும்பக் கிடைக்கும் வரை வாடகையும் பால் கணக்கும் கொடுக்க இயலாமல் ஒரு குடும்பம் படும் அவதி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. இவற்றில் எது யாருக்கு என்பதைச் சட்டமும் ஒப்பந்தமும் தீர்மானிக்கின்றன. அந்தச் சட்டம் உருவான விதத்திலிருந்து தொடங்குவோம்.

கேட்காமல் வந்த அட்டையும் 50 டாலர் வரம்பும்

1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு அவர்கள் கேட்காமலேயே கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. இன்றைய விசா நிறுவனத்தின் வேர் அதுவே. அடுத்த ஆண்டுக்குள் கலிஃபோர்னியா முழுவதும் அட்டைகள் பரவின. வங்கி, 4 விழுக்காட்டினரே தவணை தவறுவர் என்று கணித்திருந்தது. நடப்பில் அது 22 விழுக்காடாயிற்று. அட்டைகள் திருடப்பட்டன, போலியாகப் பயன்படுத்தப்பட்டன. திருடன் வாங்கிய பொருளுக்கும் அட்டையில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று வங்கியின் ஒப்பந்தம் கூறியது. தாம் கேட்காத, சில நேரங்களில் கண்ணால் கூடக் காணாத ஓர் அட்டைக்காக மக்களிடம் பணம் கேட்கப்பட்டது.

இந்த அனுபவத்திற்குப் பின்னரும் பிற வங்கிகள் அதே வழியில் சென்றன. 1966ஆம் ஆண்டின் இறுதியில் சிகாகோ வங்கிகள் ஏறத்தாழ 50 லட்சம் அட்டைகளை அஞ்சலில் அனுப்பின. கைக்குழந்தைகளின் பெயரில் கூட அட்டைகள் சென்றன. அஞ்சல் பெட்டிகளிலிருந்து அட்டைகளைத் திருடுவோருக்கு அது ஓர் அறுவடைக் காலமாயிற்று.

மக்களின் கோபம் நாடாளுமன்றத்தை எட்டியது. 1970இல் நிறைவேறிய சட்டம், கேட்காதவருக்குக் கடன் அட்டை அனுப்புவதைத் தடை செய்தது. அட்டை திருடப்பட்டால் வாடிக்கையாளர் சுமக்க வேண்டிய தொகை 50 டாலருக்கு மேற்படக் கூடாது என்றும் வரையறுத்தது. எஞ்சிய நட்டம் அட்டை வழங்கிய வங்கியின் தலையில் விழுந்தது. வங்கிகள் இதனால் அழிந்துவிடவில்லை. திருட்டு அட்டைகளைக் கண்டறியும் முறைகளைத் தாமே உருவாக்கத் தொடங்கின. நட்டம் தம்முடையது என்றான பிறகுதான் அந்த அக்கறை பிறந்தது.

வங்கிக் கணக்கிலிருந்தே நேராகப் பணம் எடுக்கும் டெபிட் கார்டுக்கு 1978இல் தனிச் சட்டம் வந்தது. அதில் பாதுகாப்பு சற்றுக் குறைவு. அட்டை தொலைந்ததை அறிந்து இரண்டு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலர். தாமதித்தால் 500 டாலர் வரை உயரும். கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாள்களுக்குள்ளும் முறையிடாவிட்டால், அதன் பின் போகும் பணத்திற்கு வரம்பே இல்லை. கடன் அட்டையில் திருடப்படுவது முதலில் வங்கியின் பணம். டெபிட் கார்டில் திருடப்படுவதோ நம் பணம். வங்கி திருப்பித் தரும் வரை காத்திருப்பவர் நாமே. கடன் வாங்காமல் கையிலிருக்கும் காசில் குடும்பம் நடத்துபவருக்கே காத்திருப்பின் வலி மிகுதி என்பதை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

இரு நாடுகள், இரு அணுகுமுறைகள்

ஏ.டி.எம். பரவிய காலத்தில், தாம் எடுக்காத பணம் கணக்கிலிருந்து போய்விட்டதாகப் பலர் முறையிட்டனர். “எங்கள் கணினி தவறாது; இரகசிய எண்ணை நீங்களே யாருக்கோ கொடுத்திருப்பீர்கள்” என்பது வங்கிகளின் பதில். அமெரிக்காவில் இப்பதில் எடுபடவில்லை. 1980இல் நியூயார்க் நகர நீதிமன்றம் ஒன்று, வங்கியின் கணினிப் பதிவை விட வாடிக்கையாளரின் நேர்மையான சாட்சியத்தை நம்பி, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. மெய்ப்பிக்கும் கடமை வங்கிக்கே என்பது அங்கு நிலைபெற்றது.

பிரிட்டனில் நிலைமை வேறாக இருந்தது. கேம்பிரிட்ஜ் பகுதியைச் சேர்ந்த ஒரு காவலர், தம் கணக்கிலிருந்து தாம் எடுக்காத பணம் போயிருப்பதாக 1992இல் முறையிட்டார். அவர் பொய் சொல்லிப் பணம் பெற முயன்றதாக அவர் மீதே வழக்குத் தொடுக்கப்பட்டு, 1994இல் குற்றவாளி எனத் தீர்ப்பும் வந்தது. மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு வல்லுநர்கள் தன் கணினி அமைப்பை ஆராய நிதி நிறுவனம் இசையவில்லை. 1996இல் அவர் விடுவிக்கப்பட்டார். பணத்தை இழந்தவர், பெயரையும் இழந்து நான்கு ஆண்டுகள் அலைந்தார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினிப் பாதுகாப்பு அறிஞர் ராஸ் ஆண்டர்சன் இவ்விரு நாடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். வாடிக்கையாளரின் நட்டத்தைத் தாமே ஏற்க வேண்டியிருந்த அமெரிக்க வங்கிகள் கவனமாக இருந்தன. பழியை வாடிக்கையாளர் மீது சுமத்த முடிந்த பிரிட்டிஷ் வங்கிகளோ பாதுகாப்புக்கு அதிகம் செலவிட்டும் அலட்சியத்தில் விழுந்தன என்பது அவர் கண்ட முடிவு. நட்டத்தைச் சுமப்பவர்தாம் காவலை மேம்படுத்துவார் என்பதே இதன் சாரம். இதனை அளவுகோலாகக் கொண்டு, கடைகளில் நடந்த பெருங்களவுகளைக் காண்போம்.

டீ.ஜே.எக்ஸ்: தேவையின்றிச் சேமித்த தகவல்

இணையம் பரவிய பின், ஒவ்வோர் அட்டையாகத் திருட வேண்டிய தேவை திருடர்களுக்கு இல்லாமற்போயிற்று. கோடிக்கணக்கான அட்டைகளின் விவரங்கள் ஒரே கடையின் கணினியில் குவிந்து கிடந்தன.

டீ.ஜே.எக்ஸ் என்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட துணிக்கடை நிறுவனம். 2005 ஜூலையில், அதன் கடையொன்றின் கம்பியில்லா இணைப்பின் வலுவற்ற பூட்டை உடைத்துத் திருடர்கள் உள்ளே நுழைந்தனர். நிறுவனம் அதனை அறிந்தது 2006 டிசம்பரில். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பின். 2007இல் நிறுவனம் ஒப்புக்கொண்ட கணக்கு 4 கோடியே 57 லட்சம் அட்டைகள். வங்கிகளோ அது 9 கோடியே 40 லட்சம் என்று நீதிமன்றத்தில் கூறின. கனடாவின் தனியுரிமை ஆணையர் நடத்திய விசாரணை, அந்நிறுவனம் தேவைக்கு மிகுதியான தகவலைத் தேவைக்கு மிகுதியான காலம் வைத்திருந்தது என்று கண்டது. விற்பனை முடிந்த பின் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத பொருளை வைத்திருந்து களவு கொடுத்தார்கள் என்பதே இதன் பொருள்.

திருட்டுக் கும்பலின் தலைவன் ஆல்பர்ட் கோன்சாலஸ், அக்காலத்தில் அமெரிக்க அரசின் இரகசியக் காவல் துறைக்கே துப்புக் கொடுப்பவனாக இருந்தான். 2010இல் அவனுக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆனால் வங்கிகளின் செலவை அவனது சிறைவாசம் ஈடு செய்யவில்லை. டீ.ஜே.எக்ஸ் நிறுவனம் விசா வழியாக 4 கோடியே 9 லட்சம் டாலர் வரையும், மாஸ்டர்கார்டு வழியாக 2 கோடியே 40 லட்சம் டாலர் வரையும் வங்கிகளுக்குத் தர உடன்பட்டது. வங்கிகளின் சொந்தக் கணக்கான 9 கோடியே 40 லட்சம் அட்டைகளை வைத்து வகுத்தால், அட்டை ஒன்றுக்கு 70 சென்ட் கூட வரவில்லை.

கடையின் அலட்சியத்திற்கு நாங்கள் ஏன் செலவிட வேண்டும் என்று சிறு வங்கிகளும் உறுப்பினர் கூட்டாக நடத்தும் கடன் சங்கங்களும் கேட்டன. மின்னசோட்டா மாநிலம் அதற்குச் செவிசாய்த்தது. விற்பனை முடிந்த பின் அட்டையின் இரகசியத் தகவலைச் சேமித்து வைத்திருந்து களவு கொடுக்கும் கடை, வங்கிகளின் செலவை ஈடு செய்ய வேண்டும் என்று 2007இல் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு கலிஃபோர்னியச் சட்டமன்றமும் அத்தகைய ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநராக இருந்த அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் அதில் ஒப்பமிட மறுத்தார். சிறு வணிகருக்குச் சுமையாகும் என்பதும், அட்டை நிறுவனங்கள் தாமே விதிகளை வகுத்து வருகின்றன என்பதும் அவர் கூறிய காரணங்கள்.

டார்கெட்: 19 நாள்களில் 4 கோடி அட்டைகள்

மின்னசோட்டாவின் மினியாபொலிஸ் நகரே டார்கெட் என்னும் பெருங்கடை நிறுவனத்தின் தலைமையிடம். 2013 நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, ஆண்டின் மிகப் பெரிய விற்பனைக் காலத்தில், அதன் கல்லாக் கணினிகளில் புகுந்த தீநிரல் 4 கோடி அட்டைகளின் விவரங்களைத் திருடியது. அத்துடன் 7 கோடிப் பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவையும் போயின. குளிர்பதனப் பணிகளைச் செய்து வந்த ஓர் ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லைத் திருடி, அந்த வழியாகத் திருடர்கள் உள்ளே புகுந்திருந்தனர். நிறுவனம் வாங்கி வைத்திருந்த பாதுகாப்புக் கருவி எச்சரிக்கை ஒலித்தது; அதைப் பார்த்தவர்கள் நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்தனர். காவலாளி குரல் கொடுத்தும் வீட்டார் எழுந்திருக்கவில்லை.

இப்போது கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் மக்கள். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, சேஸ் வங்கி ஏறத்தாழ 20 லட்சம் டெபிட் கார்டுகளுக்கு வரம்பு விதித்தது. ஏ.டி.எம்.மில் நாளொன்றுக்கு 100 டாலரும் கடைகளில் 300 டாலரும் மட்டுமே செலவிடலாம் என்றது. திருடனைத் தடுக்க அது தேவையாக இருந்திருக்கலாம். ஆயினும், தன் சொந்தப் பணத்தைப் பண்டிகை வாரத்தில் தானே எடுக்க முடியாமல் நின்றவர் எந்தத் தவறும் செய்யாதவர். பின்னர் வாடிக்கையாளர்களுக்கென 1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நட்டத்தை ஆவணத்துடன் மெய்ப்பிப்பவருக்கு 10,000 டாலர் வரை கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ரசீதைப் பாதுகாக்காதவர்க்கு ஆவணம் எங்கிருந்து வரும்?

அடுத்து வங்கிகள். 2014 பிப்ரவரி வாக்கில் மாற்றி வழங்கப்பட்ட அட்டைகள் 2 கோடிக்கும் மேல் என்றும், அதன் செலவு 20 கோடி டாலரைத் தாண்டியது என்றும் வங்கிகள், கடன் சங்கங்கள் ஆகியவற்றின் கூட்டமைப்புகள் மதிப்பிட்டன. டார்கெட் முதலில் மாஸ்டர்கார்டு வழியாக 1 கோடியே 90 லட்சம் டாலர் தர முன்வந்தது. அது போதாது என்று வங்கிகள் போதிய அளவில் ஏற்காததால் அந்த உடன்பாடு முறிந்தது. மின்னசோட்டாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இங்குதான் கைகொடுத்தது. அச்சட்டத்தையும் டார்கெட்டின் கவனக்குறைவையும் காட்டி வங்கிகள் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் 2014 டிசம்பரில் மறுத்திருந்தது. அதன் பின் விசா வங்கிகளுக்கு 6 கோடியே 70 லட்சம் டாலர் வரையும், பிற வங்கிகளுக்கும் கடன் சங்கங்களுக்கும் 3 கோடியே 94 லட்சம் டாலரும் தர டார்கெட் இசைந்தது. இரண்டும் சேர்ந்தால் கூட, அட்டை மாற்றிய செலவென்று கூட்டமைப்புகள் கூறியதில் பாதியளவே வருகிறது. கடன் சங்கத்திற்கு வந்த மீதி நட்டம் அதன் உறுப்பினர்களுக்கு வந்த நட்டமே. அவர்களுள் டார்கெட்டின் வாசலை மிதிக்காதவரும் இருப்பர்.

இறுதியாக டார்கெட். 2017இல் 47 மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் சேர்த்து 1 கோடியே 85 லட்சம் டாலர் தர உடன்பட்டது. எல்லாச் செலவும் கூடி 29 கோடியே 20 லட்சம் டாலர் ஆயின. அதில் 9 கோடியைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்றன. எஞ்சியது 20 கோடியே 20 லட்சம். கேட்பதற்குப் பெருந்தொகைதான். ஆனால் அந்நிறுவனத்தின் ஓராண்டு விற்பனை 7,000 கோடி டாலருக்கும் மேல். நூறு டாலர் விற்பனைக்கு 30 சென்ட் கூட இல்லை. தலைமை நிர்வாகி 2014 மே மாதம் பதவி விலகினார். கடைகள் ஒரு நாளும் மூடப்படவில்லை.

சிப் அட்டையும் சிறு கடைக்காரரும்

இத்தகைய களவு இலாபம் தந்ததற்கு அட்டையின் காந்தப் பட்டையே மூலகாரணம். அதிலுள்ள தகவலைப் பெற்றவர் எவரும் போலி அட்டை செய்துவிடலாம். சிப் பதித்த அட்டையைப் போலியாகச் செய்வது மிகக் கடினம். பிரான்ஸ் 1990களிலேயே சிப்பிற்கு மாறிவிட்டது. பிரிட்டனில் 2006 பிப்ரவரி முதல் சிப்பும் இரகசிய எண்ணும் வழக்கமாயின. அமெரிக்கா பின்தங்கியதற்குச் செலவு யாருடையது என்ற பூசலும் ஒரு காரணம். கடைக்காரர்கள் வங்கிகளையும் வங்கிகள் கடைக்காரர்களையும் சுட்டினர்.

2015 அக்டோபர் 1 முதல் அட்டை நிறுவனங்கள் அங்கு விதியை மாற்றின. சிப் அட்டையின் விவரத்தைக் கொண்டு செய்த போலி, சிப்பைப் படிக்கும் கருவி இல்லாத கடையில் பயன்படுத்தப்பட்டால், நட்டம் வங்கியிடமிருந்து கடைக்காரர் தரப்புக்கு மாறும் என்றன. விரைவில் நாடெங்கும் கருவிகள் மாறின. பல ஆண்டு அறிவுரை செய்யாததை, நட்டம் இடம் மாறியது செய்து முடித்தது.

ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பெருங்கடைகள் கருவிகளை மொத்தமாக வாங்கின. ஒரே கல்லா வைத்திருக்கும் மளிகைக்காரர் கருவி வாங்கிச் சான்று பெறும் வரை ஒவ்வொரு போலி அட்டைக்கும் தாமே பொறுப்பானார். பொருளும் போயிற்று, பணமும் போயிற்று. மேலும், கடைகளில் போலி அட்டை செல்லாத இடத்தில் திருடர்கள் இணைய வணிகத்தின் பக்கம் திரும்பினர். அட்டையை நேரில் காணாமல் விற்கும் வணிகர் மீதே அந்த நட்டம் பெரும்பாலும் விழுகிறது. வணிகர் அதனை விலையில் ஏற்றுகிறார். இவ்வாறு ஒரு பகுதி, ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழையின் பையிலிருந்தும் போகிறது.

நம் முன்னோர் கண்ட நியதி

இவ்வரலாற்றைப் படிக்கும்போது ஃபிக்ஹு நூல்களின் ‘ளமான்’ எனும் பொறுப்பேற்புப் பாடம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அமானிதமாகப் பெற்றவர், அலட்சியமோ வரம்பு மீறலோ இல்லாதவரை நட்டத்திற்குப் பொறுப்பாளர் அல்லர் என்பது அடிப்படை விதி. ஆனால் பலருடைய பொருளைக் கூலிக்கு வாங்கி வேலை செய்யும் சாயக்காரர், பொற்கொல்லர் போன்றோரின் நிலை என்ன? அவர்களைப் பொறுப்பாளராக்கியதாக அலீ (ரலி) அவர்களைப் பற்றி ஓர் அறிவிப்பு உண்டு. மக்களின் நலன் அதிலேயே அடங்கியுள்ளது என்பது அதன் கருத்து. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள், தொழிலாளியின் செயலால் அல்லாமல் அழிந்ததற்கு அவர் பொறுப்பல்லர் என்றார்கள். அவர்தம் மாணவர்களான இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்), பெருந்தீ போன்ற தவிர்க்க இயலாத காரணமாக இருந்தாலொழிய அவரே பொறுப்பு என்றார்கள்.

கருத்து வேறுபாடு இருப்பினும், இப்பேச்சு முழுவதும் இரு வினாக்களைச் சுற்றியே நடக்கிறது. காக்கும் ஆற்றல் யார் கையில் இருந்தது? ஆதாயம் யாருக்குச் சென்றது? ஒரு பொருளின் ஆதாயம் அதன் நட்டப் பொறுப்பை ஏற்பவருக்கே உரியது என்னும் கருத்துடைய நபிமொழியும் நாம் அறிந்ததே. ஆதாயத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நட்டத்தைப் பிறர் தலையில் கட்டுவது எந்தக் காலத்திலும் நீதியாகாது. தேவையின்றித் தகவலைச் சேமித்த கடையும், எச்சரிக்கையைப் புறக்கணித்த நிறுவனமும் அலட்சியம் இல்லாத அமானிதக்காரர் என்று வாதிட இடமில்லை. ஃபிரெஸ்னோ முதல் மினியாபொலிஸ் வரை நாம் கண்ட ஒவ்வொரு மாற்றமும், காக்க வல்லவரிடம் பொறுப்பைக் கொண்டு சேர்க்க மக்கள் நடத்திய போராட்டமே.

நம் நாட்டில்

இந்தியாவும் இதற்கு விலக்கன்று. 2016 அக்டோபரில், ஏ.டி.எம். சேவை தரும் ஒரு நிறுவனத்தின் கணினிகளில் தீநிரல் புகுந்ததால், ஏறத்தாழ 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்துக்கு உள்ளாயின. வங்கிகள் பல லட்சம் அட்டைகளை முடக்கி மாற்றிக் கொடுத்தன. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி, வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு கட்டிச் சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியுடையதாயின் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் இடையில் வேறெங்கோ இருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் முறையிடுபவருக்கு நட்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் முறையிட்டால், கணக்கின் வகைக்கேற்ப 5,000 ரூபாய் முதல் 25,000 ரூபாய் வரை வரம்பு உண்டு. மெய்ப்பிக்கும் கடமை வங்கிக்கே என்றும் அச்சுற்றறிக்கை கூறியது. 2022 அக்டோபர் 1 முதல், இணைய வணிகர்கள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைத் தம்மிடம் சேமித்து வைக்கவும் தடை வந்தது. டீ.ஜே.எக்ஸ் தந்த பாடம் இங்கு விதியாயிற்று.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஓ.டி.பி. எண்ணையோ இரகசிய எண்ணையோ நாமே பிறருக்குச் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணத்திற்கு நாமே பொறுப்பு. தெரிவித்த பின் போவதற்கு வங்கி பொறுப்பு. எனவே நேரமே இங்கு பணம். நம் குடும்பத்தாருக்கு நாம் கூற விரும்புபவை இவை:

வங்கியின் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்கு வருகிறது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் கணக்கில் வெளிநாட்டிலிருக்கும் மகனின் பழைய எண் இருந்தால், எச்சரிக்கை உரியவரை அடையாது. மூன்று நாள்கள் அறியாமலேயே கழிந்துவிடும். அறியாத ஒரு கழிவைக் கண்டால் அன்றே வங்கியிடம் அட்டையை முடக்கச் சொல்லி, புகார் எண்ணைப் பெற்றுக் குறித்துக்கொள்ளுங்கள். 1930 எனும் இணையக் குற்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். “உங்கள் கவனக்குறைவு” என்று வங்கி ஒற்றைச் சொல்லில் மறுத்தால், அதனை எழுத்தில் கேளுங்கள். ஏமாந்த தாயையோ தந்தையையோ ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சி மறைக்கும் ஒவ்வொரு நாளும் திருடனுக்கே ஆதாயம்.

நம்முள் கடை நடத்துவோருக்கும் ஒரு சொல். வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணும் அட்டை விவரமும் அவருடைய பொருள்கள். தேவையில்லாததைக் கேட்காதீர்கள், கேட்டதைத் தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள். சட்டம் நம்மைப் பிடிக்காத இடத்திலும் அமானிதத்தைக் குறித்த கேள்வி நமக்கு உண்டு.

அல்லாஹ் நம் பொருள்களைப் பாதுகாத்து, பிறர் பொருள்களைப் பேணிக் காப்பவர்களாக நம்மையும் ஆக்குவானாக. ஆமீன்.